த்ரீ-ஓ-எய்ட் காணும்

1996 ஜூன் 12, புதன்

வேலை போனதிலிருந்து கட்டிலை விட்டு எழும்பாத இவர், ரானுயியில் இருக்கும் நண்பர் வேட்டைக்குக் கூப்பிட்ட நாள் முதல் துவக்கைப் பற்றியே கதைக்கிறார். முயலைக்கூடச் சுட்டறியாதவர்.

"மானுக்கும் எல்க்குக்கும் த்ரீ-ஓ-எய்ட் ரவை காணும், பாரும். அதைவிடப் பெரிசெண்டால் தோளைக் கழட்டிப்போடும்."

இன்று லைசென்ஸ் விசாரணைக்குப் பொலிஸ்காரர் வந்தார். வீட்டில் துவக்கு இருக்கச் சம்மதமா என்று குசினியில் என்னைத் தனியே கேட்டார். போன வருடம் இவர் நித்திரைக் குளிசைகளை ஒரேயடியாக விழுங்கியதை நான் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் கிடைக்காது; மறுபடியும் கட்டிலில் விழுந்துவிடுவார். சம்மதம் என்றேன். துவக்குப் பெட்டியைப் பூட்டித் திறப்பை நானே வைத்திருக்கலாம் என்று நம்பியிருந்தேன்.

போகும்போது பொலிஸ்காரர் எங்கள் இருவரிடமும் சொன்னார்: லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரிடமும் திறப்பு இருக்கக் கூடாதாம்.

"கேட்டீரே, உமக்கு அந்தக் கரைச்சலும் இல்லை" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.