முட்டையைத் தின்ற சிலந்தி

ஐப்பசி 16, ஞாயிறு

முட்டைப்பையோடு இருக்கும் டரான்டுலா சிலந்தியைத் தொந்தரவு செய்தால் அது தன் முட்டைகளையே தின்றுவிடும். என் நண்பன் குமாருக்கும் இது தெரியும். இருவரும் சேர்ந்துதான் என் வீட்டில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறோம். கல்யாணத்துக்குக் கரியாலூர் போனபோது அவனை நம்பித்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். திரும்பி வந்தால் பெட்டியில் முட்டைப்பை இல்லை.

"நான் மூடியக்கூடத் தொறக்கல மச்சான். சும்மா பாத்துக்கினு இருந்தேன், அதுவே துன்னுடுச்சி" என்றான்.

நான்கு நாளாகத் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் சிலந்தியைத் திட்டினேன்.

இன்று குமாரின் மனைவி அவனுடைய போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "உங்க பூச்சிக்கு எவ்ளோ கோவம் பாருங்கண்ணா!"

பெட்டி திறந்திருக்கிறது. குமார் சிரித்துக்கொண்டே இடுக்கியால் முட்டைப்பையை இழுக்கிறான். அவன் இழுக்க இழுக்க, அந்தச் சிலந்தி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதையா நான் திட்டினேன்.