உப்புப் பார்த்த நான்காம் பாகம்

உன்னுடைய ஹெட்செட்டின் காதுப்பஞ்சு உரியத் தொடங்கிவிட்டது. போட்டுக் கழற்றினால் கறுப்புச் செதில்கள் காதைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஒருநாள் அந்தக் கோலத்திலேயே வேலணைச் சந்திக்குப் பாண் வாங்கப் போய்விட்டேன். கடைக்காரர் என் காதை நெடுநேரம் பார்த்துவிட்டு, தலைக்கு மை அடிக்கிறதென்றால் கண்ணாடியைப் பார்த்து அடிக்கும்படி ஆலோசனை தந்தார். நான் மறுக்கவில்லை. இந்த வயதில், மை அடிக்கிறவன் என்ற பெயர் கொம்பியூட்டரில் துவக்குச் சுடுகிறவன் என்ற பெயரைவிட மரியாதையானது.

பஞ்சு உரிந்தாலும் நீ நெற்றிக்குப் பூசுகிற தைலத்தின் வாசம் மட்டும் அதைவிட்டுப் போகவில்லை. காதில் மாட்டியதும் மூக்குக்கு வருகிறது. மறுபக்கத்தில் நீ தொண்டையைச் செருமிவிட்டு, "ஏறிட்டியோ?" என்று கேட்கப்போகிறாய் என்று ஒரு கணம் காத்திருந்துவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கும் புளியங்கூடலுக்கும் இடையே பஸ் ஓட்டிய பழக்கம் அது. நம் கொம்பியூட்டர் விளையாட்டில், பாழடைந்த நகரம் ஒன்றில், மண்ணுக்குள்ளிருந்து கிளம்புகிற ஜந்துக்களைச் சுட்டுக்கொண்டு நாம் இருவரும் போகவேண்டும். ஆளுக்கொரு துவக்கு. திரையில் நம்முடைய கையும் துவக்குமுனையும் மட்டுந்தான் தெரியும். இளைஞர்கள் பாய்ந்து பாய்ந்து ஓடுகிற அந்த விளையாட்டில், நீ ஒவ்வொரு கதவடியிலும் நின்று, பின்னால் நான் வந்துவிட்டேனா என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் காலை எடுத்துவைப்பாய். ஜந்து வாயைப் பிளந்துகொண்டு வரும்போதும் அந்த ஒழுங்கு மாறாது. பஸ்ஸிலும் நீ அப்படித்தான். கிழவிகள் சீட்டில் இருந்து முடியும்வரை கியரைத் தொடமாட்டாய். பண்ணைப் பாலத்தில் உன்னை முந்திப் போகாத வாகனம் மாட்டுவண்டில் மட்டுந்தான் என்று நான் பத்திரிகையில் எழுதியதற்கு நீ சில நாள் என்னோடு கதைக்கவில்லை.

நான் அதற்கு நேர்மாறு. முன்னுக்குப் பாய்வேன், துவக்கில் ரவை முடியும், விழுவேன். விழுந்தால் மற்றவன் திரும்பி ஓடிவந்து, பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்துத் தூக்கவேண்டும். தூக்கப் பிந்தினால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. அந்த விளையாட்டின் உயிரே அதுதான். என்னைத் தூக்கித் தூக்கியே நீ மூன்று பாகங்களையும் முடித்தாய்.

முதற் பாகத்தைச் சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில், இரண்டு கொம்பியூட்டருக்கு வயர் இழுத்து விளையாடினோம். செய்தி எங்களுக்கு முன்னமே வேலணைத் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஷெல்லுக்கு ஓடி ஒளித்தவர்கள் இப்போது கதிரையில் இருந்து சண்டை பிடிக்கிறார்கள் என்று உன் மாமியார் கோயில் வீதியிலேயே சொல்லித் திரிந்தார். அந்த மனிசி சொன்னதில் பிழையில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு பட்ட பிறகும் எங்களுக்கு ஏன் இந்தத் துவக்கு என்று ஒருநாள் உன்னிடமே கேட்டேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதில விழுந்தவனைத் திரும்பிப் போய்த் தூக்கலாம், மச்சான்."

தீவைவிட்டு இடம்பெயர்ந்த நாளில் வழியில் விழுந்தவர்களை நாம் இருவரும் கண்டவர்கள். அதற்குமேல் எனக்குப் பகிடி வரவில்லை.

அடுத்த இரண்டு பாகங்களையும் அவரவர் வீட்டிலிருந்து, ஹெட்செட்டில் கதைத்துக்கொண்டு விளையாடினோம். மூன்றாம் பாகம் ஒரு பூட்டிய இரும்புக் கதவின் முன்னால் முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்பது நான்காம் பாகத்தில் தெரியும் என்றார்கள். பிறகு வருஷக்கணக்காக ஒரே பல்லவி: வருகிறது, பிற்போடப்பட்டது, வருகிறது, பிற்போடப்பட்டது. எழுவைதீவுப் படகுக்குக் காத்து நிற்கிறவர்களைப்போல நின்றோம். கடல் குழப்பம், இன்றைக்கு ஓடாது. அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் உன் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகின. நீ ஓட்டிய பஸ்ஸிலேயே, வேறொருவன் ஓட்ட, யன்னலோரம் இருந்து இரத்தம் சுத்திகரிக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தாய். போகிற வழியெல்லாம் அவனுடைய கியர் மாற்றத்தைக் குறை சொல்லிக்கொண்டே போவாய். வார்டில் குழாய் பூட்டிக்கொண்டு படுத்திருந்தபடி, நான்காம் பாகத்தின் முன்னோட்டத்தைத் தாதிமாருக்கும் பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் போனில் போட்டுக் காட்டுவாய். ஐயா அதைச் செய்தி என்று நினைத்து, எந்த நாட்டிலே சண்டை என்று கவலையோடு விசாரித்தார்.

"அது வராமல் நான் போகமாட்டன்" என்று உன் மனைவி பவானியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். பிறகு, ஐப்பசி மழையில், அது வராமலே போனாய்.

நீ அவளுக்கு விட்டுப்போன தொல்லை அந்த வார்த்தைதான். எட்டாம் நாள் உனக்குப் பிடித்ததெல்லாம் படைத்தாள். ஒடியற்கூழ், பொரித்த மீன், நான் கொண்டுபோன அரைப்போத்தல் உட்பட. காகத்துக்கு வைத்த சோற்றைக் காகம் நெடுநேரம் திரும்பியும் பார்க்கவில்லை. மழைக்குக் காகம் எங்கே வரும்? ஆனால் வந்திருந்த பெண்களில் ஒருத்தி, ஏதோ ஆசை மிச்சம் கிடக்குப்போல என்று இழுத்தாள். பவானி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்த ஒண்டு மட்டும் இல்லை" என்றாள். அன்றையிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோப்பையில் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். மெலிந்துகொண்டே போனாள்.

ஒரு வருஷம் நிறைகிற உன் ஆட்டைத்திவசத்துக்குக் கிட்டவாக நான்காம் பாகம் வந்தது. சிக்னலுக்காகப் போனை முருங்கைமரத்தில் கட்டி, இரண்டு பகல் அதைக் கொம்பியூட்டருக்கு இறக்கினேன். மரத்துக்குச் சார்ஜ் ஏற்றுகிறீர்களோ என்று என் மனிசி கேட்டாள். நீ என்னிடம் விட்டுப்போன உன் ஹெட்செட்டை மாட்டினேன். கதவு திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மச்சான். பெரிய வெளி. மண்கும்பான் மணல்போலக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. எங்கும் நடக்கலாம், போவதற்கு ஓரிடமும் இல்லை. நீ இல்லாத இடத்துக்கு ஓர் இயந்திரக் கூட்டாளியைத் தந்தார்கள். நான் சுவரைச் சுட்டாலும் அவன் அருமை என்கிறான். பிறகு முகம் தெரியாத சிலரோடு சேர்த்துவிட்டார்கள். அவர்கள் எனக்கு முன்னால் ஓடி, எல்லாவற்றையும் சுட்டு முடித்து, ஒரு வார்த்தை பேசாமல் மறைந்தார்கள். ஒருவன் தலையில் அன்னாசிப்பழம் வைத்திருந்தான். அப்படித் தொப்பிகள் நிறைய இருக்கின்றன. வழக்கம்போல முன்னுக்குப் பாய்ந்து விழுந்தேன். விழுந்து கிடந்தபடி கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள், இந்தப் பாகத்தில் முழு உருவமாகத் தெரிகிற என் ஆள் தூசியைத் தட்டிவிட்டுத் தானாகவே எழும்பிவிட்டான். இப்போது யாரும் யாரையும் தூக்கத் தேவையில்லையாம். அதை ஒரு முன்னேற்றமாக அறிவித்திருந்தார்கள்.

மறுநாள் காலை பவானி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளினேன்.

"அண்ணை, அது வந்திட்டுதாம். மகள் கனடாவிலயிருந்து சொன்னவள். திவசத்துக்கு அதையும் இலையில வைக்கவேணும். நீங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கேல்லைத்தானே?"

அவள் ஏன் கேட்டாள் என்று உனக்குத் தெரியும். படைக்கிற கறியை, படைக்க முன்னம் உப்புப் புளி பார்க்கக்கூடாது. உங்கள் வீட்டில் அதைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவள் அவள். எனக்கு அது கறியோடு மட்டும் சம்பந்தப்பட்ட சட்டம் என்ற நினைப்பு. இல்லையென்று தலையாட்டினேன். அவள் என் காதைப் பார்த்தாள்.

"அதென்ன கறுப்பு?"

"தலைக்கு மை."

"உங்கட தலை முழுக்க நரை, அண்ணை."

பிறகு கதிரையில் இருந்தாள். உப்புப் பார்த்தாயிற்று என்று தனக்குள்ளேயே சொன்னாள். கோபிப்பாள் என்று பார்த்தேன், கோபிக்கவில்லை. எப்படியிருக்கிறது என்று கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. நல்லது என்று சொன்னால், அப்படிப்பட்ட ஒன்றைக் காணாமல் நீ போனாயே என்று அவள் சாகும்வரை அளைந்த சோற்றோடு எழும்புவாள். ஆகாது என்று சொன்னால், ஆகாத ஒன்றுக்காகவா கடைசிவரை அந்த மனிதன் காத்துக் கிடந்தது என்று உடைந்துபோவாள். ஊருக்கெல்லாம் புளுகி எழுதுகிற எனக்கு, அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல புளுகு வாய்க்கவில்லை.

"உப்பில்லை, பவானி."

அவளுக்கு விளங்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பி, என் ஆளை வேண்டுமென்றே ஒரு ஜந்துவுக்கு முன்னால் விட்டேன். விழுந்தான். எழும்பினான்.

"ஆர் தூக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. தானாய்த்தான்."

அவள் முகம் மாறியது. நான் விழுந்தால் நீ வாறன் வாறன் என்று வீடு அதிரக் கத்துவதையும், தேத்தண்ணி ஆறிப்போனாலும் என்னைத் தூக்காமல் எழும்பாததையும் சொன்னாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கோழி அடைகாக்காமல் ஓடிய கதையையும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அப்ப என்னத்துக்கு ரெண்டு பேர்?"

இத்தனை வருஷம் இருந்து அந்த விளையாட்டைச் செய்தவர்கள் கேட்காத கேள்வி. அவள் மெதுவாக அடுத்ததைக் கேட்டாள், உனக்குப் பிடித்திருக்குமோ என்று. நீ முதல்நாளே இதைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பாய் என்றேன்.

"பகிடி விடாதேங்கோ, அண்ணை. இதில மட்டும் பகிடி விடாதேங்கோ."

"சத்தியமாய்த்தான் பவானி."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஆள் அந்த மணல்வெளியில் சும்மா நின்றான். அவள் மூச்சை விட்டபோது அது ஒரு வருஷத்து மூச்சுப்போல இருந்தது.

"அப்ப அந்த மனிசன் ஒண்டையும் விட்டிட்டுப் போகேல்லை."

அது கேள்வியல்ல. நான் ஓம் என்றேன்.

திவசத்தன்று இலையில் வடை இருந்தது, பாயசம் இருந்தது, கத்தரிக்காய்ப் பாற்கறி இருந்தது. கொம்பியூட்டர் இல்லை. பவானி காகத்துக்குச் சோற்றை வேலியோரம் வைத்துவிட்டு, வருகிறதோ என்று திரும்பிப் பார்க்காமலே குசினிக்குள் வந்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு தானும் போட்டுக்கொண்டு இருந்தாள். கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொன்னபடி, இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் வெளியே போய்ச் செருப்பைத் தேடுகிற சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவளுக்கு நான் சொன்னது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியை உனக்குத்தான் சொல்லவேண்டும். நீ ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனாய். இந்தக் கேவலமான விளையாட்டை நாம் சேர்ந்திருந்து திட்டியிருக்கவேண்டும். அந்தத் திட்டு எங்களுக்குக் கிழவயதுவரை போதுமாயிருந்திருக்கும். பஸ்ஸில், கோயில் மதிலில், ஆஸ்பத்திரி வாங்குப்பலகையில் இருந்து திட்டியிருப்போம். அந்த இயந்திரக் கூட்டாளிக்கு நீ ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாய். எவ்வளவு யோசித்தும் அந்தப் பெயர் எனக்கு வருகுதில்லை. நல்லதை ஒருவன் தனியே இருந்து அனுபவித்துவிடலாம். ஆகாததை அனுபவிக்கத்தான் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. பவானி இப்போது சாப்பிடுகிறாள். அதனால் இது அவள் காதுக்குப் போகாது.

நான் அதை அழிக்கவில்லை. பின்னேரங்களில் கொஞ்சம் விளையாடுகிறேன். ஒவ்வொரு நாளும் ஏதோவொரு பிழை அகப்படுகிறது, மனதில் சேர்த்து வைக்கிறேன். இன்றைக்கு ஒரு ஜந்து சுவருக்குள் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டது. முன்னுக்கு வரவும் ஏலாது, பின்னுக்குப் போகவும் ஏலாது. சத்தம் ஒன்றும் இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இதைப் பார், மச்சான், என்று மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தேன். வாயைத் திறந்தேன். மூடினேன்.