குளிருக்கு நீ போட்ட ழகரம்

மச்சான்,

இன்று காலை இலை ஊதும் மெசினை இயக்கியதும் முதலில் பெற்றோல் மணம் வந்தது. அதன் பின்னால் நனைந்த இலைகளின் புளிப்பு மணம். ஜெர்மனியில், இந்த எசன் நகரத்தில், நவம்பர் மாதத்துக்கு இந்த மணம்தான் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடம் இந்த நகரத்துப் பூங்காக்களில் நீயும் நானும் சேர்ந்து இலை அள்ளியிருக்கிறோம். பங்குனியில் நீ கண்ணை மூடிவிட்டாய். நீ இல்லாமல் வருகிற முதல் நவம்பர் இது. மெசினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மைஸ்டர் தூரத்தில் நின்றபடி என்ன என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று நானும் கையைக் காட்டினேன்.

என் மனைவி இறந்த வருடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். புரட்டாசியில் அவளை எரித்துவிட்டு ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு பேசுவதையே விட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, வாயைத் திறக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ" என்றார்கள். மனது என்ன, தேற்றி வைக்கிற சாமானா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் வாகனத்துக்குள் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒரு நாள் அன்றைய வேலைத்தாளைப் புரட்டி, அதன் முதுகில் ஏதோ எழுதி என் மடியில் வைத்தாய்.

மளை விட்ட பின் பெஞ்சில்
இலை கிடந்த இடம் மட்டும்
ஈரமில்லை.

"மளை இல்லையடா. மழை," என்றேன்.

"அப்பிடியே? எங்கட வாயில மளை எண்டுதானே வருது."

"வாயில வரட்டும். கையில வரப்படாது."

அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான். அதற்கு முந்தைய கிழமை முழுவதும் அவ்வளவுகூடப் பேசவில்லை. அடுத்த நாள் இன்னொரு தாள் வந்தது.

ஒரு துண்டு வெயில்.
காகமும் நானும்
குழிர் காய்கிறோம்.

"குளிருக்கு ழானாவோ? குழி வெட்டவோ போறாய்?"

"நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையளையும் இப்பிடித்தான் ஏசுவியோ?"

"அதுகள் உன்னைவிடத் திறம்."

அந்த நவம்பர் முழுவதும் இப்படியே போனது. நாளுக்கு மூன்று வரி, மூன்று வரிக்கு ஒரு பிழை. பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வரத் தொடங்கினேன். எழுத்தோடும் நான் விடவில்லை. இலை கிடந்த இடம் எப்படி ஈரமில்லாமல் இருக்கும் என்று உன்னோடு மல்லுக்கட்டினேன். மழை விட்ட ஒரு காலையில் பெஞ்சில் ஒட்டிக் கிடந்த அகலமான இலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மரப்பலகை காய்ந்த நிறத்தில், அந்த இலையின் வடிவத்திலேயே இருந்தது. அவள் போன பிறகு ஒரு பொருளை நான் ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை. என் குணம் உனக்குத் தெரியும்தானே.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை அரிக்கிறது. அந்த மார்கழியில் பக்கத்து நகரமான டோர்ட்மண்டில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். மண்டபத்தில் ஒரே மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். நீ கவிதை எழுதுகிறாயாமே என்று யாரோ கேட்க, நான் முந்திக்கொண்டேன். "இவன் எழுதுறது கவிதையோ இல்லையோ தெரியாது, தமிழில்லை எண்டு மட்டும் தெரியும்." மேசை முழுவதும் சிரித்தது. மளையையும் குழிரையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நீ தலையைக் குனிந்து றோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தைப்பொங்கல் கழிந்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். நீ பிழை விடுவது எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை. திருந்திவிட்டாய், என் திறமையால் திருந்திவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி வீட்டுக்கு வந்திருந்தார். பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது உங்களிட்டதான் இருக்கோணும்."

திறந்தேன். முதல் பக்கத்திலேயே பெஞ்சும் இலையும். மழை என்றுதான் எழுதியிருந்தாய். அடுத்த பக்கத்தில் குளிர், குளிராகவே இருந்தது. பக்கம் பக்கமாகத் தேடினேன். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "மழை – மளை." "குளிர் – குழிர்." எந்த எழுத்தை எனக்காக உடைப்பது என்று முதல்நாள் இரவே தீர்மானித்திருக்கிறாய்.

"சாப்பிட்டிட்டு இருந்து யோசிப்பார்," என்றார் உன் மனைவி. "சரியா எழுதுறது லேசு, அவன் நம்புற மாதிரிப் பிழையா எழுதுறதுதான் கஷ்டம் எண்டு சொல்லுவார்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டோர்ட்மண்டில் நடந்ததைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஓம் அண்ணை, அண்டைக்கு உங்களில எனக்குச் சரியான கோபம். வரேக்க காருக்குள்ள கத்தினனான். அந்த மனுசன் அதைக் காதிலயே விழுத்தேல்ல. 'அவன் சிரிச்சவன், பாத்தனீரே?' எண்டுதான் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தவர்."

அவர் போன பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு அழுதேன். என் மனைவிக்கு அழுததுபோல் இல்லை, வேறு மாதிரி. நாளுக்கு நூறு தரம் ஜெர்மன்காரருக்கு டாங்கே சொல்கிற வாய் இது. உனக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "என்னடா, மேடையிலயோ நிக்கிறாய்?" என்று கேட்டிருப்பாய். இருந்தாலும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், நன்றியடா. மண்டபத்தில் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.

நவம்பரை நான் இப்போது வெறுப்பதில்லை. மரங்கள் வெறுமையாகிற இந்த நாட்களில் காலையில் ஏதாவது ஒன்றை நின்று பார்க்கிறேன். எல்லா இலையையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் விடாத கொப்பு, உறைபனியில் வெளுத்த புல், அணில் புதைத்துவிட்டுத் தேடுகிற இடம். அந்தப் பழக்கம் நீ தந்தது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகத்தான் வாகனத்துக்குள் இருக்கிறேன். இன்று முதல் தடவையாக வேலைத்தாளைப் புரட்டி நானும் எழுதினேன்.

குளிர் காலை.
வாகனத்தின் ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும்
மூச்சின் ஈரம்.

மூன்று தரம் பார்த்துவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை. வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை.