வரகு விதைப்பில் இருபத்துநான்கு பரப்பு

அனுப்புபவர்:
ஜசிந்தா யாக்கோப்பு,
பாடசாலை ஆசிரியை,
நெடுந்தீவு கிழக்கு.

பெறுபவர்:
அரசாங்க ஏசண்டர் துரை அவர்கள்,
கச்சேரி, யாழ்ப்பாணம்.

விடயம்: ஆச்சிமுத்துவின் காணியில் அரை ஏக்கரை ஏலம் விடாது நிறுத்தி, மறுபடி அளப்பித்தல்.

கனம் பொருந்திய ஐயா,

1. கந்தையாவின் விதவை ஆச்சிமுத்து எழுத்தறியாதவர். அவருடைய காணி உரிமை கோரும் பத்திரத்தைச் சென்ற மாசியில் நிரப்பிக் கொடுத்தவள் நானே. பழைய காணி உறுதியில் இருபத்துநான்கு பரப்பு என்றிருந்ததை ஓர் ஏக்கர் என்று எழுதினேன். தங்கள் அளவுகாரரும் அதன்படி அளந்து எல்லைக் கட்டை நட்டார். கட்டைக்கு மேற்கே மிஞ்சிய அரை ஏக்கர் முடிக்குரிய காணியாகி, நவம்பர் பதினைந்தில் ஏலம் போகிறது. ஆச்சிமுத்துவின் ஏழு மாடுகளும் குடிக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு அதற்குள் இருக்கிறது. அடுத்த நல்ல கிணறு ஒன்றரை மைல் தூரம்.

2. பிழை என்னுடையது. உறுதியில் "வரகு விதைப்பில்" என்றும் இருந்தது, வாசித்தும் கடந்துபோனேன். ஒரு பெட்டி விதை போதும் நிலமே ஒரு பரப்பு; நெல் விதைப்பில் அது பன்னிரண்டு குழி, வரகு விதைப்பில் பதினெட்டு. ஆகவே நெல்லில் இருபத்துநான்கு பரப்பும் வரகில் பதினாறு பரப்பும் ஓர் ஏக்கர். என் ஊரான கரம்பொன்னில் எங்கள் வயல் நெல் விதைப்பு. கல்லூரியில் கணிதம் படித்தவளாயினும், வீட்டு வாய்பாடே கைக்கு வந்தது.

3. இதை நான் சொல்லப் போனபோது ஆச்சிமுத்து கோபிக்கவில்லை. "வரகுக் காணியை நெல்லாலை அளந்து போட்டியள், ரீச்சர். என்னத்தாலை அளந்தாலும் காணி நிண்ட இடத்திலைதானே நிக்குது" என்றார். மறுநாள் காலை, இருபத்துநான்கு பெட்டி வரகு எடுத்து, பெட்டிக்கு ஒரு பரப்பாகக் கிழக்கு மூலையிலிருந்து விதைத்துவந்தார். கட்டையை அவர் பார்க்கவேயில்லை. பதினாறாம் பெட்டி முடிந்த இடத்துக்கும் கட்டைக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. இருபத்துநான்காம் பெட்டியின் கடைசிப் பிடி, கிணற்றடியைத் தாண்டி மேற்கு மதிலின் பவளக் கல்லில் பட்டுச் சிதறியது. "என்ன ரீச்சர், கணக்குப் பிழைச்சுப்போச்சோ?" என்று சிரித்தார்.

4. அன்று வீட்டில் பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டை இருபத்துநான்கால் பெருக்கினாலும், பதினெட்டைப் பதினாறால் பெருக்கினாலும் இருநூற்றெண்பத்தெட்டுக் குழி. இரு தானியங்களும் தங்கள் அளவுகாரரின் சங்கிலியும் ஒரே கட்டையடியில் வந்து சேர்கின்றன. இருபது வருடம் வாய்பாடு கற்பித்தவள் நான். ஒரு வாய்பாடு நிலத்தின்மேல் நடந்துபோனதை அன்றுதான் கண்டேன். இன்னும் அந்த வியப்பிலிருந்து மீளவில்லை.

5. ஆகையால், ஏலத்தை நிறுத்திவைத்து, உறுதியிலுள்ள வரகு விதைப்பின்படி ஒன்றரை ஏக்கராக அளப்பிக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். இனி வரும் பத்திரங்களில் எந்த விதைப்பு என்று கேட்கவும் ஒரு வரி விடவேண்டும். கட்டைக்கு அப்பால் விதைத்தது குற்றமாயின், பார்த்துநின்ற என்னையும் விசாரியுங்கள்.

சென்ற வியாழன் மழை விழுந்தது. அளவுகாரர் வரும்போது கட்டையின் இருபுறமும் வரகு ஒரே உயரத்தில் நிற்கும்.

தங்கள் நீதியை நம்பி எழுதும்,
ஜசிந்தா யாக்கோப்பு

நெடுந்தீவு,
29 ஒக்டோபர் 1934.