பூக்கும்வரை

ஜூன் 9

பொறுத்துக்கொள், நோட்டே. எழுத்துகள் அப்போதுதான் பிறந்த பனிமான் கன்று போல் காலை அகட்டி நிற்கின்றன. வலை இழுத்தே காய்த்துப்போன கை இது. பென்சிலைப் பிடித்தால் நழுவுகிறது, அழுத்தினால் ஒடிகிறது.

ஆனாலும் என் பெயரை எழுதிவிட்டேன். வாசித்தேன். நான்தான்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் இளைய மருமகள் பனியாக்.

ஜூன் 11

மூத்தவன் மலிகியாக்கின் மனைவி நவுராக் விழுந்துவிட்டாள். கால் அசையவில்லை, நாக்கு குழறுகிறது. நேற்று, எல்லோருக்குமாகத் தொட்டியில் சேர்த்து வைத்திருந்த காட்டுக்கிழங்கை நிறையத் தின்றவள் அவள்தான். எனக்குப் பல் இல்லை, தொடவில்லை.

அந்தத் தொட்டிக்குக் கிழங்கு தோண்டி வந்தவள் பனியாக்.

ஜூன் 12

மலிகியாக் கோடரியோடு வந்தான்.

"வெளியூர்க்காரி! இனிப்புக்கிழங்கு எது, அது மாதிரியே இருக்கிற விஷப் பொய்க்கிழங்கு எதுன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும் அத்தான். போன கோடையில பூத்தப்பவே பார்த்துக் குச்சி நட்டு வச்சேன். அந்த இடத்துலதான் தோண்டினேன்."

அறைந்தான். அவள் அடுப்பில் போய் விழுந்தாள். இளையவன் நஸ்ருக் அண்ணன் மேல் பாய்ந்தான். இருவரும் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே உருண்டார்கள். மூக்கு, வாய், எல்லாம் ரத்தம். ஒருவன் காதை மற்றவன் கடித்தான். நான் பெற்ற பிள்ளைகள்! நடுவில் போனேன். கோடரிக் காம்பு என் வலது கையில் இறங்கியது. விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அப்புறமும் அவன் ஆத்திரம் அடங்கவில்லை. நஸ்ருக்கின் பனிச்சறுக்கு வண்டியை முன்னால் நின்று இழுக்கும் முன்னோடி நாய் துலுகாக்கைக் கட்டிய இடத்திலேயே வெட்டினான். அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஏண்டா... அது என்னடா செய்தது உன்னை?

(நான் சொல்ல, பனியாக் எழுதினாள். அவள் கன்னம் வீங்கியிருக்கிறது.)

ஜூன் 13

இது இடது கை. எழுதுகிறதே!

ஜூன் 15

நவுராக் கண் திறந்தாள். பேச்சு வரவில்லை.

மலிகியாக்கிடம் சொன்னேன்: "பாதிக் கிழங்கை மண்ணிலேயே விட்டுட்டு வர்றது நம்ம வழக்கம். மிச்சம் பூக்கட்டும். பூ சொல்லும்."

"பெரிசா, சிவப்பாப் பூத்தா அது பொய்க்கிழங்கு. அப்படிப் பூத்துச்சுன்னா அன்னைக்கே அவளை அவ ஊருக்குப் படகுல ஏத்திடுவேன். ஏற மாட்டேன்னா ஆத்துல தள்ளுவேன். நீங்க குறுக்க வந்தீங்கன்னா அப்பான்னு பார்க்க மாட்டேன்."

ஜூன் 24

மொட்டுகூட இல்லை. நஸ்ருக் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

ஜூன் 28

நவுராக் தண்ணீர் கேட்டாள். வாய் விட்டுக் கேட்டாள்! நான் அழுதேன், அதை எழுதவும் செய்தேன்.

ஜூலை 3

பூத்துவிட்டது. எல்லோரும் படகில் போனோம். நவுராக்கும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

பனியாக் நட்ட குச்சிகள் அப்படியே நின்றன. சுற்றிலும் சின்னச் சின்னப் பூக்கள். வெளிறிய நிறம், நெருக்கமாகத் தலை தொங்கியவை. மலிகியாக் ஓர் இலையைப் பறித்துத் திருப்பினான். அடிப்பக்கத்தில் நரம்புகள், கிளை பிரியும் ஆறு போலத் துலக்கமாக. இன்னொன்றைப் பறித்தான், அதிலும் நரம்பு. கொத்தாகப் பிடுங்கினான். எல்லாம் நல்ல கிழங்கு.

அப்படியும் அவள் கழுத்துத் துணியைப் பிடித்து உலுக்கினான். "குச்சியை மாத்தி நட்டிருக்கே!"

நஸ்ருக்கின் துப்பாக்கி சொடுக்கியது. குழல் அண்ணனின் நெற்றிக்கு நேராக இருந்தது.

"விடுங்க அவளை," என்றாள் நவுராக், குழறிக் குழறி. "நீங்களும்தானே எலிவீட்டைத் திறந்து, எலி சேர்த்து வச்ச கிழங்கைக் கொண்டாந்து தொட்டியில கொட்டினீங்க? அது எந்த இடம்?"

"எலிக்குப் பதிலுக்குக் கருவாடு வச்சுட்டுத்தானே எடுத்தேன்..." என்றான். அப்புறம் மெதுவாக, "எலி விஷத்தையா சேர்த்து வைக்கும்?"

நாங்கள் எல்லோருமே அப்படி நம்பியவர்கள்தான். எலி சேர்த்ததை இங்கே எவன் சோதித்துப் பார்த்தான்? எலிக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது?

அவன் எலிவீட்டைத் திறந்த சரிவுக்குப் போனோம். தூரத்திலேயே மணம் வந்தது. பெரிய பெரிய பூக்கள், கண்ணைக் குத்தும் சிவப்பு. எவ்வளவு அழகு! இலையைத் திருப்பினேன், நரம்பே தெரியவில்லை. பொய்க்கிழங்கு.

மலிகியாக் அவற்றை மிதித்தான். வேரோடு பிடுங்கினான், கோடரியால் மண்ணை வெட்டினான், எலிவீட்டைப் பிளந்தான். உள்ளே ஒன்றுமில்லை. நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது. பனியாக் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. நஸ்ருக் துப்பாக்கியை இறக்கவே இல்லை.

ஜூலை 5

காலையில், துலுகாக் இருந்த முளையில் மலிகியாக்கின் முன்னோடி நாய் கட்டியிருந்தது. அவனைக் காணோம்.

பனியாக் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு மீனை எடுத்து அதன் முன்னால் எறிந்தாள்.

"மூத்தவர்கிட்ட சொல்லுங்க மாமா. நாய் வந்துருச்சு. என் முன்னால அவரு இன்னும் வரல."

அடுத்த வாரம் என் விரல் கட்டை அவிழ்க்கப்போகிறாள். வலது கையாலேயே எழுதிக் காட்டுகிறேன், நோட்டே. அவன் வந்தானா என்பதையும்.