நோயில்லாதவர் வரிசையில் என் தம்பி

மார்ச் 5
கிருமித் தொற்று உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும் செப்சிஸ் வருவதை முதலில் காட்டிக்கொடுப்பது எந்த ரத்தப் பரிசோதனை? பல்கேரியாவில் எங்கள் பிளோவ்டிவ் ஆய்வகத்தில் வெலிஸ்லாவா பழைய சி.ஆர்.பி.யின் கட்சி, நான் புதிய பிரெசெப்சினின் கட்சி. நோயாளிகளின் ரத்தம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் நோயில்லாதவர்கள்தான் கிடைப்பதில்லை. இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் ஏதோ ஒரு மாத்திரை.

மார்ச் 6
தம்பி கமெனைப் பிடித்துவிட்டேன். பேருந்து ஓட்டுகிறவன்.
"ரத்தம் குடுத்தா என்ன தருவ?"
"பாலாடைக்கட்டி வச்சுச் சுட்ட பனீட்சா."
"ரெண்டு துண்டு."

மார்ச் 9
காலையிலேயே வந்தான். மணிக்கட்டில், நோய் அண்டாமலிருக்க மார்ச்சில் எல்லாரும் கட்டும் சிவப்பு வெள்ளை நூல், வாய் நிறையப் பெருமை. "எருமை மாதிரி இருக்கேன்க்கா, எழுதிக்கோ." ஊசியைப் பார்த்ததும் எருமை கண்ணை மூடிக்கொண்டது. இடுப்பு மட்டும் வலிக்கிறதாம். டயர் தூக்கினானாம்.

மதியம் - சி.ஆர்.பி. சாதாரணம். பிரெசெப்சின் எகிறிக் கிடக்கிறது. வெலிஸ்லாவாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "எருமைக்கே சீக்குன்னு சொல்லுது உன் செல்லம்."

மறுபடி போட்டேன். அதே எண். அவனுக்குக் காய்ச்சல்கூட இல்லையே? என் பரிசோதனை ஜெயிக்கணும்னா தம்பிக்கு நோய் வரணும் - சீ, என்ன புத்தி இது.

ஃபோன் செய்தேன். "திரும்பி வாடா."
"பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டா?"

சிரிப்பை நிறுத்திக் கார் சாவியை எடுத்தது வெலிஸ்லாவாதான். "இடுப்பு வலின்னான்ல? வா, போய்த் தூக்கிட்டு வருவோம்."

மார்ச் 10
நேற்று பஸ்ஸிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காரிலேயே நடுங்க ஆரம்பித்துவிட்டான். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து, மேலே சீழ். குழாய் வைத்து வடித்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, இறங்கி - இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் எங்க போச்சு? நடைக்கூடத்தில சும்மா நின்னேன். ரெண்டு துண்டுதான் கேட்டான். ஒண்ணுதான் குடுத்தேன்.

மார்ச் 11
கண் திறந்தான். பசிக்கிறதாம்.

மார்ச் 12
சி.ஆர்.பி. மெள்ள ஏறி உச்சிக்கு வந்திருக்கிறது. "உன்னோடதுதான் முந்திக்கிச்சு," என்று வெலிஸ்லாவாவே சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்பி, "தொற்றே இல்லாட்டியும் சிறுநீரகம் கெட்டாலே உன்னோடது ஏறும், அதையும் எழுது," என்றாள்.

மார்ச் 20
நோயில்லாதவர் வரிசையில் சேர்ந்தவருக்கு நோய் வந்தால் அவர் கணக்கில் சேரமாட்டார். விதி நான் எழுதியதுதான். என் கட்சியின் மிக நல்ல சாட்சியை நானே நீக்கினேன்.
கமெனுக்குக் கோபம். "நோயாளியும் இல்ல, நல்லா இருக்கறவனும் இல்லன்னா, நான் யாருக்கா?"
"வாய மூடிட்டு சூப்பக் குடி."

மார்ச் 23
அவன் இடத்துக்கு ஒருவர் கிடைத்தார்: வெலிஸ்லாவாவின் கணவர். அவருடைய எண் வரும்வரை நாங்கள் இருவரும் கருவியின் முன்னாலேயே நின்றோம். சாதாரணம். அப்புறம்தான் உட்கார்ந்தோம்.