முதலில் வந்த சீட்டு

அன்பு மகள் தோர்தீசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய இரக்கத்தால் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், மாடுகளும் ஆடுகளும் சுகம். நீயும் அந்த மடகாஸ்கர் வெயிலில் காய்ச்சல் ஏதும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நம் நார்வேயில் இந்த வருடம் கோடை என்று ஒன்று வரவே இல்லை, ஒரே மழை, வெட்டின புல்லை வேலிபோல் கட்டின கம்பியில் காயப்போட்டால் காய்வதற்குப் பதில் கறுத்துப்போகிறது. அப்பா கல்லறையில் இன்னும் கல் நடவில்லை, கல் வெட்டுகிறவர் இலையுதிர்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார், அதுவரை மரச்சிலுவைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் படகில் போகும்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், புல் முளைத்துவிட்டது, வசந்தத்தில் புதைத்தவருக்கு அதற்குள் புல்லா என்று இருந்தது எனக்கு. வீட்டில் ரொட்டியின் காய்ந்த முனையை அவர்தானே தின்பார், இப்போது முனைகள் அப்படியே டப்பாவில் சேர்ந்துகொண்டு போகின்றன, கோழிக்குப் போட மனசு வரவில்லை, ஊறவைத்து நானே தின்று பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க உன்னை விட்டால் ஆள் இல்லை என்றும், ஆனால் அம்மா தனியாக இருக்கிறாளே என்று தூக்கம் வரவில்லை என்றும், ஊருக்கு வந்துவிடவா இங்கேயே இருக்கவா என்று ஜெபித்தும் தெளிவு கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், அம்மா உங்களுக்குக் கர்த்தர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள், அதன்படி செய்கிறேன் என்று முடித்திருந்தாய். அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், நீ பொறுமையாகப் படி.

நம் ஜெபவீட்டை நடத்துகிற ஏலியாஸ் ஒரு நாள் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தார். அப்பா போன பிறகு புல் வெட்டித் தந்தவர் அவர்தான், நல்ல மனுஷர், அதை மறக்கக் கூடாது. காபி ஊற்றி வைத்தேன். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, மனசில் பாரமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார். பிறகு சொன்னார், "சகோதரி, கர்த்தர் எங்கிட்ட பேசினாரு. தோர்தீஸ ஊருக்குக் கூப்பிடச் சொல்றாரு. ஒங்களுக்கப்புறம் இந்த வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுங்கறாரு." எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, ரொம்ப நாள் தாகமாய் இருந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தது போல இருந்தது. பக்கத்து வீட்டு யோசெஃபினே இரவல் வாங்கின புல்வாரியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏன் ஏலியாஸ், அதே மூச்சுல ஒன் மவன் கல்யாணத்தப் பத்தியும் கர்த்தர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். அவர் மகன் இன்னும் தனியாள்தான், அவர்கள் நிலமும் நம் நிலமும் ஒட்டினாற்போல இருக்கிறது, உனக்குத் தெரியாததா. ஏலியாஸ் முகம் சிவந்துபோய், ஏற்கெனவே சர்க்கரை போட்ட காபியில் இன்னொரு கட்டி போட்டார். எனக்கு யோசெஃபினே மேல்தான் கோபம் வந்தது, தேவ காரியத்தில் கேலி பேசுகிறாயே, உன் வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு இடுப்பு வலி, நொண்டி நொண்டி மேடேறிப் போனாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை சாப்பாட்டுக்குப் பிறகு வாக்குத்தத்தப் பெட்டியை எடுத்தேன். அப்பா மிஷன் விற்பனையில் வாங்கி வந்த அதே பெட்டிதான், தீக்குச்சி மாதிரி சுருட்டின வேத வசனச் சீட்டுகளும், எடுக்கிறதுக்குச் சின்ன இடுக்கியும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, வந்தது பிடிக்கவில்லை என்று வேறு எடுக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். உனக்கு ஞாபகம் இருக்கும், ஏலியாஸின் ஆடுகள் நம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புகுந்து அப்பா அவரோடு வாய்ச்சண்டை போட்ட மறுநாள், நாவை அடக்கச் சொல்லி ஒரு சீட்டு வந்தது. "இது ஏலியாசுக்கு வர வேண்டியது, வீடு மாறி வந்திருச்சு" என்று அப்பா சொன்னார், நீ சிரித்துப் பால் புரையேறிவிட்டது. ஆனாலும் அன்று மத்தியானமே அவரே நடந்து போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாரே.

நான் என்ன செய்தேன் தெரியுமா. முதல் சீட்டை எடுத்துப் பிரித்தேன், ஊருக்குத் திரும்புகிறதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று ஓரக்கண்ணால் பார்த்ததும் முழுசாகப் படிக்காமல் தள்ளி வைத்தேன். இன்னொன்று எடுத்தேன், அதுவும் இல்லை. இடுக்கியை நேராகப் பிடித்து எடுத்தால் சரியாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் எடுத்தேன். மேஜை முழுக்கச் சீட்டுகள் சுருண்டு கிடந்தன. கடைசியில் யாக்கோபை அவன் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்ன வசனம் வந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். உடனே உட்கார்ந்து, கர்த்தர் பேசிவிட்டார் மகளே, புறப்பட்டு வா என்று உனக்கு எழுதி, மடித்து, ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் தபால் படகு வரும் நாள் அது.

போகும் முன் மேஜையைச் சுத்தம் செய்வோம் என்று சீட்டுகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். பிரித்த சீட்டு பழைய இறுக்கத்துக்கு வராது போலிருக்கிறது, எப்படி அடுக்கினாலும் இடம் போதவில்லை, மூடி மூடவே இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிலது நசுங்கினது, மூடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை பேச்சையும் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கர்த்தர் பேசினார் என்று மகளுக்கு எழுதியிருக்கிறேனே என்று நினைத்தேன். அந்த வா என்கிற குரல் யாருடையது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு சாப்பிட வர மாட்டாய், வாசலில் நின்று கத்துவேனே, அதே குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. சரி, எனக்கென்று முதலில் வந்தது எது, அதையாவது படிப்போம் என்று தேடினேன். எல்லாம் கலந்துபோய்விட்டது. எத்தனை பிரித்தாலும் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்குக் கர்த்தர் எனக்குச் சொன்னதை நான் கேட்காமலே விட்டுவிட்டேன், அதற்காகத்தான் மகளே நான் இன்றைக்கும் அழுகிறேன், அப்பாவுக்காக மட்டும் இல்லை.

கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதற்கப்புறம் கர்த்தரிடமிருந்து பேச்சும் இல்லை வெளிச்சமும் இல்லை, மழை பெய்கிற சத்தம்தான். பால் கறக்கும்போது மட்டும் யோசெஃபினே நொண்டிக்கொண்டு போனது கண்ணில் வந்தது, அவள் வெட்டின புல் இன்னும் தரையிலேயே கிடக்கிறது, போய்த் தூக்கிக் கம்பியில் போடு என்று தோன்றியது. எனக்குப் போகப் பிடிக்கவில்லை, பிடிக்காததால்தான் போனேன். பேசினதற்கு வருத்தம் என்று சொன்னேன், அவள், "அடியே பெர்கித், பேச்ச விட்டுட்டு வா, அந்தப் பக்கத்துக் கம்பியப் புடி" என்றாள். இருட்டும் வரை புல்லைக் கம்பியில் போட்டோம். திரும்பி வரும்போது மனசு கொஞ்சம் அமைதியாக இருந்தது. கர்த்தர் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது, சின்னதாக, அவசரப்படுத்தாமல், நமக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்து. தப்பாகவும் இருக்கலாம், எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில், உன்னைப் பற்றிக் கர்த்தர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏலியாஸ் உனக்கும் எழுதுவார், மரியாதையாகப் பதில் போடு, அதை வைத்துக் கப்பல் ஏறாதே. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, ஒவ்வொரு தபால் படகுக்கும் கரையில் போய் நிற்கிறேன், ஆனால் அது உன் அம்மாவின் ஆசை, அதைக் கர்த்தர் பேரில் உனக்கு அனுப்ப மாட்டேன். வந்தாலும் இருந்தாலும் அவர் உன்னிடம் சொல்வதற்குக் கீழ்ப்படி. இங்கே யோசெஃபினே இருக்கிறாள், மாடு இருக்கிறது, நான் இருந்துகொள்வேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. உன் கையில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் கர்த்தர் காப்பாராக, உன் வருகையையும் இருப்பையும் அவர் பார்த்துக்கொள்வாராக. பெட்டியின் மூடியை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். நீயும் அங்கே காலையில் சீட்டு எடுப்பதாக எழுதியிருந்தாய். முதலில் வருவதையே படி, மகளே, முழுசாகப் படி.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா பெர்கித்